ஊசி போன வழி

எதிர்வீட்டு டெய்லர் அக்கா அங்கியின் தோள்பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். மருத்துவர் தன் பாட்டிலைத் திறந்து தையலின்மேல் கொஞ்சம் தண்ணீரைச் சாய்த்தார். துணியில் விழுந்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேம்பிலையில் உருள்வதுபோல் உருண்டு, தையல் பள்ளத்தில் போய்த் தேங்கி நின்றது. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அடிப்பக்கத்தில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் மூன்றாவது. ஒரு விரற்கடை நீளத்துக்குள் எண்ணி எட்டுத் துளிகள், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில். ஊசி இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் ஒன்று.

"துணி நல்ல துணிங்க அக்கா. ஊசி போட்ட ஓட்டைதான் விட்டுடுது" என்றார் மருத்துவர். சொல்லிவிட்டு ஈரமான இடத்தைத் தன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அவருக்கும் அது நன்றாக அமைந்திருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. மருத்துவமனை வாசலில், வேப்பமரத்தடியில், எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு மரப்பெஞ்சு. அதன்மேல் நாங்கள் கொண்டுபோன அறுபது அங்கிகள் மடித்து அடுக்கியிருந்தன. நான்கு பெண்கள் மூன்று நாள் இராப்பகலாகத் தைத்தவை.

2020 ஏப்ரல் இரண்டாம் வாரம் அது, கொரோனா ஊரடங்குக் காலம். அவிநாசிப் பக்கம் எங்கள் ஊரில் பனியன் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. சாலையில் பால்வண்டியும் போலீஸ் வண்டியும் போவதோடு சரி. அனுமதிச் சீட்டு ஒட்டிய ஆம்னி வேனில் அங்கிகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது அக்கா வெகுநேரம் பேசவில்லை. ஊர் எல்லைக்கு வந்தபிறகு, "முப்பது வருசமா ஊசி போன வழியில நூல் மட்டுந்தான் போகும்னு நெனச்சிட்டிருந்தேன் கண்ணு" என்றார்.

அந்தச் சொல் இன்றுவரை என்னை விடவில்லை. தையல் என்றால் சேர்ப்பது. கிழிந்ததையும், காயத்தின் இரண்டு உதடுகளையும் தைக்கிறோம். பழைய தமிழில் தையல் என்றாலே பெண். இத்தனை பரிவு ஏறிய ஒரு சொல்லுக்குள் இத்தனை ஓட்டைகள் இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. இரண்டு துண்டுகளைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டையும் குத்த வேண்டும். வேட்டிக்கும் பாவாடைக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. நோயாளியின் இருமலுக்கும் இரத்தத்துக்கும் முன்னால் நிற்கப் போகிறவரின் உடுப்புக்கு அதுதான் எல்லாமே.

அந்த நாட்களில் கோயம்புத்தூரில் 1956 முதல் இயங்கி வரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்துக்கு, சிட்ரா என்று இங்கே எல்லோரும் சொல்வது, நாடு முழுவதிலுமிருந்து துணிகள் வந்து குவிந்தன. முழு உடல் கவசத்துக்கான துணியைச் சோதித்துச் சான்றளிக்கும் கூடமாக ஆரம்பத்தில் அதைத்தான் நாடு நம்பியிருந்தது. சோதனை சொல்வதற்கு எளியது. துணித் துண்டை ஒரு சட்டத்தில் இறுக்கிப் பூட்டுவார்கள். ஒரு பக்கம் செயற்கை இரத்தம், இரத்தத்தைப் போலவே படர்ந்து ஊறும்படி செய்த சிவப்புத் திரவம். அதற்குப் படிப்படியாக அழுத்தம் கொடுப்பார்கள். மறுபக்கம் சிவப்பு தென்பட்டால் துணி தோற்றது. மருத்துவர் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து எங்களுக்குக் காட்டியது அந்தச் சோதனையின் ஏழை வடிவம்.

தையல் ஓட்டையை அடைக்க ஒரு நாடா உண்டு. தைத்த இடத்தின்மேல் சூடான காற்றால் உருக்கி ஒட்டுவது. அதற்கென்று தனி எந்திரம் வேண்டும். மழைக்கோட்டு தைப்பவர்களிடமும் கூடாரம் தைப்பவர்களிடமும் இருந்த எந்திரம். பனியன் ஊருக்கு அது எதற்கு? நாடாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. இராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, நீர்மூழ்கிக் கப்பலின் இணைப்புகளை அடைக்கப் பயன்படும் பசையைக் கொஞ்சம் மாற்றி, கவச உடையின் தையலுக்குப் பூசக் கொடுத்தது. கடலுக்கடியில் தண்ணீர் புகாமல் காக்கிற பசை ஒரு செவிலியரின் அக்குள் தையலில் வந்து உட்கார்ந்தது என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எங்கெங்கோ இருந்த அறிவெல்லாம் அந்த வாரங்களில் ஒரே ஓர் உடம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

மார்ச்சு தொடக்கம்வரை முழு உடல் கவச உடையை இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. மே மாதத்துக்குள் உற்பத்தி நாளொன்றுக்கு 2 லட்சத்தைத் தாண்டியது. இது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நோய் காத்திருக்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டும் பைக் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டும் நம் நாட்டு மருத்துவர்கள் நோயாளி அருகே போனார்கள். நியூயார்க்கில் செவிலியர்கள் கறுப்புக் குப்பைப் பைகளை உடுத்தி நின்றார்கள். அந்த இடைவெளியை ஊர் ஊராக வீட்டுத் தையல் எந்திரங்கள் நிரப்பப் பார்த்தன. பிரிட்டனில் படுக்கை விரிப்புகளை வெட்டி மருத்துவமனை உடுப்பு தைத்தவர்கள், கூடவே பழைய தலையணை உறைகளைச் சுருக்குப் பைகளாகத் தைத்துக் கொடுத்தார்கள். பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியர் தன் உடுப்பைக் கழற்றி அதற்குள் போட்டு, பையோடு சேர்த்துத் துவைக்கும் எந்திரத்தில் போட்டுவிடலாம். வீட்டில் குழந்தை இருக்கிறது, அழுக்கைக் கையால் தொடக் கூடாது என்று யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பையை முதலில் யோசித்தவர் யாரென்று தெரிந்தால் கைகூப்புவேன்.

கவசம் தைக்க நாங்கள் ஒன்றும் முதலில் உட்கார்ந்தவர்கள் இல்லை. 1910 கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் ஊ லியன்-தே ஹார்பின் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். நோய் காற்றில் பரவுகிறது என்று கண்டு, சல்லாத் துணிக்கு நடுவே பஞ்சை வைத்து, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும்படி நாடா விட்டு ஒரு கவசம் செய்யச் சொன்னார். அவரைவிட மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதைப் பொருட்படுத்தாமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அவரே பிளேக்கால் இறந்தார். அதன்பிறகு ஹார்பினில் கவசத்தை யாரும் மறுக்கவில்லை. ஏறக்குறைய 60,000 பேரைக் கொண்டுபோன அந்தக் கொள்ளைநோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கியது.

1918இல் இன்ஃபுளுயன்சா வந்தபோது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெண்கள் பாஸ்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இராணுவ முகாம்களுக்காகச் சல்லாத் துணிக் கவசங்கள் செய்யும் புகைப்படம் ஒன்று உண்டு. வெள்ளைத் தலைத்துண்டு, குனிந்த கழுத்துகள், கைகளில் ஒரே மடிப்பு. அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் பார்த்ததும் மனம் நிறையும். இப்போது பார்த்தால், அந்தத் துணியின் இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துதான் முதலில் கண்ணில் படுகிறது. 1920இல் கலிபோர்னியாவின் பொதுச் சுகாதார அதிகாரி கெல்லாக் அந்தச் சல்லாத் துணியைச் சோதித்துப் பார்த்தார். கிருமியைத் தடுக்கிற அளவுக்கு அடுக்கினால் மூச்சு முட்டுகிறது, முட்டுகிற மூச்சு ஓரத்து இடுக்கு வழியாகப் போய் வருகிறது என்று கண்டார். அந்தப் பெண்களின் உழைப்பு வீண் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு யாராவது நின்றிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. எங்களுக்கு ஒருவர் நின்றார்.

மனமிருந்தால் போதும், செய்வது தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அன்னதானத்தில் அது பலிக்கும். பசித்தவருக்குச் சோறு எந்தக் கையால் வந்தாலும் சோறுதான். கவசம் அப்படியில்லை. அரைகுறைக் கவசம் வெறும் உடம்பைவிட ஆபத்தானது. வெறும் உடம்போடு இருப்பவர் இரண்டடி தள்ளி நிற்பார். கவசத்தை நம்பியவர் நெருங்கிப் போவார். எங்கள் அறுபது அங்கியை அந்த மருத்துவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருந்தால் நாங்கள் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பியிருப்போம். யாரோ ஒரு பெண் அதை நம்பி வார்டுக்குள் போயிருப்பார். மருத்துவர் வேண்டாம் என்றது எங்களுக்குச் செய்த பெரிய உதவி. அந்த அங்கிகளும் வீணாகவில்லை; நோயாளியைத் தொடாத வேலைகளுக்கு, சமையற்கட்டுக்கும் சலவைக்கும் எடுத்துக்கொள்கிறோம் என்று மறுநாள் ஆள் அனுப்பினார்கள்.

செக் நாட்டில் ஜோசப் புரூசாவின் நிறுவனம் முப்பரிமாண அச்சில் முகத்தடுப்பு செய்ய முனைந்தபோதும் இதுதான் நடந்தது. மார்ச்சு மாதத்தில் முதல் வடிவத்தைச் செய்து மருத்துவத் துறையினரிடம் காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தி, மறுபடியும் காட்டி, மறுபடியும் திருத்தினார்கள். மூன்றாவது வடிவத்தை உலகம் இறக்கிக்கொண்டு அச்சிட்டது. மும்பையில் மேக்கர்ஸ் அசைலம் பட்டறைக்காரர்கள் தொடங்கிய எம்-19 முகத்தடுப்பு 42 ஊர்களுக்குப் பரவி 49 நாட்களில் 10 லட்சம் தொட்டது. இவ்வளவு வேகத்திலும் அவர்கள் கேட்டுக்கேட்டுச் செய்தார்கள் என்பதுதான் என்னை வணங்க வைக்கிறது.

நாங்களும் கேட்கத் தொடங்கினோம். அங்கியை விட்டுவிட்டு, எங்களால் சரியாகச் செய்ய முடிவது எது என்று மருத்துவமனையிலேயே விசாரித்தோம். ஒரு செவிலியர் கூச்சத்தோடு தன் காதுக்குப் பின்னால் காட்டினார். முகக்கவசத்தின் எலாஸ்டிக் பன்னிரண்டு மணி நேரம் அறுத்து, தோல் உரிந்து, அதன்மேல் மறுநாளும் அதே எலாஸ்டிக். மருந்து வைத்துப் பஞ்சு ஒட்டியிருந்தார். பஞ்சும் வியர்வையில் நழுவியிருந்தது. அன்று மாலையே அக்கா ரவிக்கைத் துண்டுகளில் இரண்டு விரல் அகலத்துக்குத் தலைப்பட்டி வெட்டி, காதுக்கு நேராக இரு பக்கமும் ஒவ்வொரு சட்டைப் பொத்தான் தைத்தார். எலாஸ்டிக்கைக் காதில் மாட்டாமல் பொத்தானில் மாட்டிக்கொள்ளலாம். அதே நாட்களில் கனடாவில் 12 வயதுச் சாரணச் சிறுவன் ஒருவன் கொக்கிகள் வைத்த பிளாஸ்டிக் பட்டியை அச்சிட்டு இதே வேலைக்குக் கொடுத்திருந்தான் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரியும். தொலைதூரத்துச் சிறுவனும் எங்கள் அக்காவும் ஒரே காதைப் பார்த்திருக்கிறார்கள். காஜா பட்டன் கடைக்காரர் ஒருவர் பூட்டிய ஷட்டரைத் திறந்து ஒரு பெட்டி நிறையப் பொத்தான் எடுத்துக் கொடுத்தார். நானூறு பட்டிகள் போயின. தண்ணீர் ஊற்றிச் சோதிக்கத் தேவையில்லாத பொருள்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவர். பிறகு ஓவர்லாக், பிறகு சிங்கர், கடைசியில் பவர் டேபிள். பீஸ் ரேட்டில்தான் வாழ்க்கை. கம்பெனி பூட்டினால் அடுத்த சனிக்கிழமை சம்பளம் இல்லை. நான் மாதச் சம்பளக்காரி. வேலைக்குப் போகாமலே எனக்கு அந்த மாதமும் பணம் வந்தது. நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து தன்னார்வலர்கள் என்ற ஒரே பெயரோடு வேலை செய்தோம். அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் ஒன்றா? என் வேலை ஓய்வு நேரத்திலிருந்து வந்தது, அவருடையது அரிசிப் பானையிலிருந்து. கூலி எழுதிக்கொள்ளலாம் என்று நண்பர்களிடம் பணம் திரட்டினேன். "காயத்துக்குத் தைக்கறதுக்குக் காசு வாங்குனா கை கூசுமுங்க கண்ணு" என்றார். மறுவாரம் பருப்பும் எண்ணெயும் வாங்கிக் கொண்டுபோய் வைத்தபோது வேண்டாமென்று சொல்லவில்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. கூலி என்று கையில் கொடுத்திருக்க வேண்டிய ஒன்றை அன்பளிப்பு என்று ஆக்கிவிட்டேனோ? மே மாதத்தில் கம்பெனிகள் கவச உடை ஆர்டர் எடுத்தபோது அக்கா பீஸ் ரேட்டுக்கே அதைத் தைக்கப் போனார். நாடா ஒட்டும் எந்திரத்தை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "தைச்ச எடத்துமேல பிளாஸ்டிக் நாடா ஒட்டறாங்க கண்ணு. தண்ணி ஊத்திப் பார்த்தேன். ஒரு பொட்டு எறங்கல."

அந்த உடைக்குள் இருப்பது எப்படி என்று போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது, மாதவிடாய் நாட்களில் பட்ட பாட்டைப் பெண்கள் தணிந்த குரலில்தான் சொன்னார்கள். உள்ளே வியர்வை கணுக்காலில் தேங்கும். கண்ணாடி புகைமூடும். யார் யாரென்று தெரியாததால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். உடையோ ஆண் உடம்புக்கு அளவெடுத்தது. செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடிவயிற்றில் துணி குவிந்து, கைப்பகுதி விரல்வரை தொங்கி, குனிந்தால் கவட்டை பிடித்து, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். ஃப்ரீ சைஸ் என்று அட்டையில் போட்டிருக்கும். தைப்பவர்கள் பேச்சில் அதற்குப் பொருள், யாருக்கும் அளவெடுக்கவில்லை என்பது.

அந்த உடைக்குள் இருந்தவர்களை நாம் மனிதர்களாக அளந்து பார்த்தோமா என்று கேட்டால் நெஞ்சு கனக்கிறது. மார்ச்சு 22 மாலையில் தட்டையும் மணியையும் அடித்து நன்றி சொன்னோம். ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் கல்லெறிந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் அடிபட்டார்கள். உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தன் கையாலேயே குழிக்கு மண் தள்ளினார். அன்று அவர் போட்டிருந்த கவசம் எந்தக் கல்லையும் தடுத்திருக்காது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் மேசையில் யாரும் தைக்கவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே இருந்தவர்கள் எங்கள் கண்ணில் பட்டது அதற்கப்புறம்தான். எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், காலை ஆறரைக்குத் தள்ளுவண்டியோடு வருவார். அவருக்கும் முகக்கவசம் கொடுத்திருந்தார்கள். ஒல்லியான முகம். கவசம் மூக்கிலிருந்து வழுக்கி வாய்க்கு இறங்கிவிடும். வண்டியைத் தள்ளிய கையாலேயே அதை மேலே இழுத்துவிடுவார். பத்தடி நடந்தால் மறுபடியும் இறங்கும். மறுபடியும் அதே கை. அன்று காலை நான் எண்ணினேன். எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைக்குள் பதினோரு தடவை. தடுக்க வேண்டிய பொருளே அழுக்குக் கையைப் பதினோரு தடவை முகத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் தைத்த மூன்றடுக்குத் துணிக் கவசம் இரண்டை கேட்டின்மேல் வைத்தேன். மறுநாளும் பழையதே போட்டு வந்தார். கேட்டதற்கு, "அதுவும் பெருசுதானுங்க அம்மிணி. கோட்டு குடுத்தாலும் பெருசு, செருப்பு குடுத்தாலும் பெருசு. எங்களுக்கு யாருங்க அளவெடுத்தாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியின் பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

டெய்லர் அக்கா தன் வாசலிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போய் டேப் வைக்க முடியாத காலம். பொட்டலம் கட்டும் வெள்ளை நூலில் ஒரு முழம் அறுத்துத் தெருவுக்கு இப்பாலிருந்தே வீசினார். "ஒரு காதுல வச்சு மூக்குமேல கொண்டுபோய் அந்தக் காதுல ஒரு முடிச்சுப் போடுங்க. அப்புறம் மூக்குல இருந்து தாடைக்கு அடி வரைக்கும் இன்னொரு முடிச்சு. கேட்டுல கட்டிட்டுப் போங்க, நாளைக்கு ரெடியா இருக்கும்."

தூய்மைப் பணியாளர் அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எங்கள் வீட்டுச் சுவரோரம் நின்று, கவசத்தைக் கழற்றி நூலை முகத்தில் வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை முழுதாக நான் அன்றுதான் பார்த்தேன். முடிச்சுப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் அக்கா தைத்த கவசத்தை வைக்கக் கேட்டுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே ஏழு நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தூய்மைப் பணியில் அவரோடு வேலை பார்ப்பவர்களுடையவை. யாருடையது எது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் நுனியிலும் ஒவ்வொரு நிறத்தில் சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. எடுத்துவந்து மேசையில் பரப்பினோம். அக்கா சட்டைக்குள் தொங்கிய டேப்பை எடுத்து முதல் நூலை நீவினார்.

"நீலம். காதுக்குக் காது பத்தேகால். மூக்குக்குத் தாடை நாலரை. எழுதிக்க கண்ணு."